வேலிக்கு வேலி நகரும் வீடு... தெரியுமா?

ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, மூன்று நாய்கள். சேர்த்துக் கட்டினால் ஒரு வண்டியில் அடங்கிவிடுகிற வீடு. மாதக் கணக்கில் பயணம். இன்றைக்கு இந்த ஊர், நாலு ராத்திரி கழித்து அடுத்த ஊர், திரும்பிப் போவது ஆறு மாசத்துக்கு அப்புறம். எங்கே, அமெரிக்காவிலா? ஆஸ்திரேலியாவிலா? இல்லை சார், ஒரத்தநாட்டுக்கும் மன்னார்குடிக்கும் நடுவில்! நம்ம காவிரிப் படுகையில்! கூடவே ஐந்நூறு, அறுநூறு செம்மறி ஆடுகளும் வரும்!

சுற்றுலாவுக்கென்றே கட்டப்பட்ட உலகத்தின் முதல் வண்டிவீடு என்று இங்கிலாந்துக்காரர்கள் பெருமையாகச் சொல்வது எது தெரியுமா? கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1885-ல் செய்யச் சொல்லி வாங்கிய 'வாண்டரர்'. இரண்டு குதிரை பூட்டிய மர வீடு அது. டாக்டரோடு ஒரு வண்டிக்காரர், ஒரு வேலையாள், ஒரு கிளி. அப்புறம் 'ஹரிகேன் பாப்' என்ற பெரிய நியூபவுண்ட்லாந்து நாய்! எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்க, வேலையாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போவாராம். அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1884-ல், அமெரிக்காவின் வயோமிங்கில் ஜேம்ஸ் கேண்டிலிஷ் என்ற கொல்லர் ஒரு வண்டிவீடு செய்தார் என்று அங்கே சொல்கிறார்கள். மேலே கித்தான் கூரை, உள்ளே இரும்பு அடுப்பு, குறுக்கே கட்டில். அது யாருக்காகத் தெரியுமா? ஆடு மேய்ப்பவருக்காக! இன்று லட்சக் கணக்கில் விலை போகும் சொகுசு டிரெய்லர்களின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அங்கே ஆட்டுப் புழுக்கை வாசம் அடிக்கிறது!

நம்மூர் ஆட்டுக்காரருக்குப் பெயர் கீதாரி. மந்தைக்குத் தலைவர். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து வருகிறவர். அரசு ஊழியரைத் தண்டிக்க நினைத்தால் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்' என்பார்களே, அந்தக் காட்டுக்காரர்! தை பிறந்து, அங்கே கண்மாய்க்கரைப் புல் சுருளத் தொடங்கும் நேரத்தில் இங்கே சம்பா அறுப்பு. திருவாடானை, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை என்று மேய்ந்துகொண்டே வந்து சேரும் தூரம் 150 கிலோமீட்டருக்கு மேல்! பஸ்ஸில் நாலைந்து மணி நேரத்தில் கடக்கிற தூரம்தான். ஆட்டுக்கு அவசரம் கிடையாது. வழியெல்லாம் சாப்பாடு.

அந்த வீட்டில் என்னென்ன இருக்கும் தெரியுமா? முன்பு பனையோலைக் குடில், இப்போது பெரும்பாலும் தார்ப்பாய். நாலு பானை சட்டி, ஒரு தூக்குவாளி, கம்பளி, கிளை வளைக்கும் தொரட்டி, ராத்திரி ஆட்டை மறிக்கும் வலை, படல். இதெல்லாம் மனுஷர் வகை. இந்தக் குடித்தனத்தின் முக்கியமான சாமான் கொடாப்பு. குட்டிகளைக் கவிழ்த்து மூடி வைக்கிற பெருங்கூடை! தாயாடுகள் மேயப் போனதும் பச்சைக் குட்டிகள் அதற்குள். அதைக் காப்பது வீட்டுக்காரம்மா. சோறு பொங்குவது, தண்ணீர் தேடிப் போவது, எந்தக் குட்டி எந்தத் தாய்க்கு என்று சாயங்காலம் பிரித்து ஊட்டுவது, காலில் முள் குத்திய ஆட்டுக்கு வைத்தியம், எல்லாமே அவர் பாடு. குடில் இடம் மாறும்போது சாமானும் கொடாப்பும் குட்டிகளும் ஒரு குட்டியானை வண்டியில் ஏறும். பார்க்கப் போனால் அதுவே டிரெய்லர்தான். உள்ளே படுக்கை விரித்திருப்பது ஆட்டுக்குட்டிக்கு என்பதுதான் வித்தியாசம்!

சரி, தஞ்சாவூர் விவசாயி இவர்களை வயலில் எதற்கு விடுகிறார்? விடுவதாவது! காசு கொடுத்துக் கூப்பிடுகிறார்!

போன வருஷம் மாசியில் ஒரு வரப்பில் நின்று காதால் கேட்டது இது:

"என்ன கீதாரி, நம்ம வயலுக்கு எப்ப? பத்து மா கெடக்கு, அஞ்சு ராத்திரி போதும்ல?"

"பத்தாதுங்கய்யா. ஏழாவது போட்டாத்தான் மண்ணு பேசும்."

குடிலுக்குள்ளிருந்து ஒரு குரல், அடுப்பை விட்டு நகராமலே: "எட்டுன்னு சொல்லுங்க."

எட்டில்தான் முடிந்தது!

இரவு முழுக்க ஆடுகளை ஒரே வயலில் அடைத்துப் படுக்க வைப்பதுதான் கிடை. முன்பெல்லாம் கூலி நெல்லாக அளந்தார்கள், இப்போது ராத்திரிக்கு இவ்வளவு என்று ரொக்கம். ஆடு படுத்துத் தூங்குவதற்குக் கூலியா என்று கேட்காதீர்கள். வேளாண் பல்கலைக்கழகப் பாடத்தைத் திறந்து பாருங்கள். சாதாரணத் தொழுவுரத்தில் தழைச்சத்து 0.5 சதவீதம். ஆட்டு எருவில் 3 சதவீதம்! ஆறு மடங்கு! அதோடு மணிச்சத்து 1 சதவீதம், சாம்பல் சத்து 2 சதவீதம். 'ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்' என்று பழமொழி சொன்னவர்களிடம் ஆய்வுக்கூடம் இல்லை, அறுவடைக் கணக்கு இருந்தது. இன்னொரு சங்கதியும் உண்டு. தொழுவத்தில் குவித்து, வண்டியேற்றி வந்து கொட்டுகிற எருவில் மூத்திரம் வருமா? வராது. அது தொழுவத்து மண்ணோடு போயிற்று. கிடையில் ஒரு சொட்டு வீணில்லை, நேரே வயலுக்கு! அதனால்தான் நடுச்சாமத்தில் கீதாரி எழுந்து, அசந்து கிடக்கிற ஆடுகளை எழுப்பி நகர்த்துவார். படுத்த ஆடு எழுந்ததும் முதல் காரியமாக என்ன செய்யும்? அதேதான்! எழுப்பின இடமெல்லாம் உரம். யாருடைய வயலுக்கோ சத்து சீராகப் பரவ, தன் தூக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்கிற மனுஷர் அவர்.

சின்ன வயசில் கிடை போட்ட வயல் ஓரமாகப் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான். அந்த வயலில் அடுத்த பட்டத்தில் பயிர் கறுத்து நிற்கும். கரும்பச்சையை எங்கள் பக்கம் 'கறுப்பு' என்றுதான் சொல்வோம்.

இந்தப் பயணத்தின் கால அட்டவணையை எழுதுவது யார் தெரியுமா? மேட்டூர் அணை! 1934-ல் கட்டி முடித்த அணை, முழு நீர்மட்டம் 120 அடி, 93.47 டிஎம்சி கொள்ளளவு. ஜூன் 12-ல் திறப்பது, ஜனவரி 28-ல் மூடுவது என்பது வழக்கம். மூடி, சம்பா அறுத்து, வயல் காய்ந்தால் கீதாரி உள்ளே வரலாம். திறந்து, கல்லணையில் பிரிந்து, வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் வெளியே போக வேண்டும். அறுவாளுக்குப் பின்னால், தண்ணீருக்கு முன்னால்! அந்த இடைவெளிதான் அவர்கள் முகவரி. 2022-ல் என்ன ஆயிற்று தெரியுமா? சுதந்திரத்துக்குப் பிறகு முதல் முறையாக மே மாசத்திலேயே, 24-ஆம் தேதி, அணையைத் திறந்தார்கள். வழக்கத்தைவிட 19 நாள் முன்னதாக! டெல்டா முழுக்க மகிழ்ச்சி, குறுவைக்கு நாற்றங்கால் வேலை தொடங்கியாயிற்று. மேய்ச்சல் பருவத்தில் 19 நாள் குறைந்துபோனதைக் கணக்கிட்டவர்கள் குடிலில் இருப்பவர்கள் மட்டும்தான்.

அறுத்த வயலில் உடனே இறங்கிவிடவும் முடியாது. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தையும் பயறையும் விதைத்துவிடுவது டெல்டா வழக்கம். நெல் போனதும் பார்த்தால் தாளுக்கு நடுவே உளுந்து இரண்டு இலை விட்டிருக்கும்! அது காய்த்து எடுக்கிறவரை ஆடு வரப்பைத் தாண்டினால் பஞ்சாயத்து. ஆகவே எந்த ஊரில் உளுந்து, எங்கே வெறும் தாள், எந்த வயலில் கோடைப் பருத்தி, எந்தக் குளத்தில் இன்னும் தண்ணீர் என்று ஒரு தாலுகா முழுவதும் கீதாரி மனசில் வரைபடமாகக் கிடக்கும். முன்பு கேட்டுக் கேட்டு நடந்தார்கள், இப்போது செல்போனில் விசாரித்துக்கொள்கிறார்கள்.

மழைக்காலத்தில் ஏன் தங்குவதில்லை என்று கேட்கிறீர்களா? சேறுதான். ஈரத்திலேயே நின்றால் செம்மறிக்குக் குளம்பு அழுகும். ஐப்பசி, கார்த்திகை மழையோடு கொசுவைவிடச் சின்னப் பூச்சி ஒன்று கிளம்பி நீலநாக்கு நோயைப் பரப்பும். வாய் வீங்கி, மேய முடியாமல் ஆடு சரிந்துவிடும். தண்ணீர் நெல்லுக்கு அமிர்தம், செம்மறிக்கு ஆகாது.

நெல்லே ஆட்டைக் கொல்லும், தெரியுமா? களத்தோரம் சிந்திக் கிடக்கிற மணிகளை ஆடு ஆசை தீரத் தின்றால், வயிற்றுக்குள் அது புளித்து அமிலமாகி, வயிறு உப்பிச் செத்துப் போகும். டெல்டாவின் செல்வம் கொட்டிக் கிடக்கிற இடத்தைக் கண்டால் கீதாரி கம்பை ஓங்கிக்கொண்டு ஓடுவது அதனால்தான்!

ஆடுகள் மட்டும் லேசுப்பட்டவையா? கண்ணைக் கிட்டப் போய்ப் பாருங்கள், பாப்பா படுக்கை வாட்டில் கோடு போட்டது போல் இருக்கும். தலையைக் குனிந்து மேயும்போது அந்தக் கோடும் செங்குத்தாகிவிட வேண்டுமல்லவா? ஆகாது! தலை கவிழக் கவிழக் கண்விழி உள்ளேயே 50 பாகைக்கு மேல் சுழன்று கோட்டைத் தரைக்கு இணையாகவே வைத்திருக்கிறது. கலிபோர்னியா ஆய்வாளர்கள் 2015-ல் இதை வெளியிட்டார்கள். மேய்கிற வாயோடு அடிவானத்தையும் பார்க்கிற கண்! கேம்பிரிட்ஜில் 2017-ல் ஒபாமா படத்தைக் காட்டிப் பழக்கினார்கள், செம்மறி அவர் முகத்தை அடையாளம் கண்டது. ஆடு ஆளைக் கண்டுபிடிக்கும் என்று நிரூபிக்க ஒபாமா வரைக்கும் போயிருக்கிறார்களே என்று பரமக்குடிப் பக்கம் சிரிப்பார்கள். இங்கே வரும் மந்தைகளில் நிறைய இருப்பது ராமநாதபுரம் வெள்ளையும் கீழக்கரிசலும். கம்பளிக்கு ஆகாத முடி, கறிக்கு வளர்க்கிற ஆடு. கீதாரி போர்த்தியிருக்கும் கம்பளி காசு கொடுத்து வாங்கியது!

இப்போது நாய்களுக்கு வருவோம். சினிமாவில் பார்த்திருப்பீர்கள், வெளிநாட்டு நாய் ஒன்று வளைத்து வளைத்து ஓடி மந்தையைப் பட்டிக்குள் தள்ளும். நம் கிடைநாய் அப்படி ஓடாது. அது காவல்காரன். பகலெல்லாம் ஆட்டோடு ஆடாக நடக்கும், ராத்திரி கிடையின் ஓரத்தில் சுருண்டு படுக்கும். நரி, ஆடு திருடன், வழி தவறி வந்த வெளிநாய், எது வந்தாலும் முதல் குரல் அதனுடையது. கோம்பை, சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்று பெயர் பெற்ற தென்னாட்டு நாய்களுக்கு இருக்கிற மரியாதை இதற்கு இல்லை. ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். கிடைநாய் பெரும்பாலும் எந்த ஜாதி என்று சொல்ல முடியாத நாட்டு நாய். பெயர்? பத்தில் நாலுக்கு 'மணி'!

அது ஏன் குட்டிகளைக் கடிப்பதில்லை தெரியுமா? அமெரிக்காவில் ரேமண்ட் காப்பிங்கர், லார்னா காப்பிங்கர் என்று ஒரு தம்பதி, 1970-களின் கடைசியிலிருந்து மந்தைக் காவல் நாய்களையே வருஷக் கணக்கில் ஆராய்ந்தார்கள். கண் திறந்த சில வாரங்களில் நாய்க்குட்டி யாரோடு புரண்டு விளையாடுகிறதோ, அவர்களையே தன் கூட்டம் என்று எடுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் சொன்னதின் சாரம். குடில் வாசலில் கொடாப்புக்குப் பக்கத்திலேயே பிறந்து, ஆட்டுக்குட்டியின் காதைக் கடித்து விளையாடி, அந்தத் தாயிடம் முட்டும் வாங்கி வளர்கிறது நம் மணி. அதற்கு ஆடு இரை இல்லை, கூடப் பிறந்தது!

இந்த உறவு எவ்வளவு பழசு? திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்தது. பல்லவ மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமை மந்தையைக் காக்கப் போராடி மடிந்தான். அவனுடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்து அவனைக் காத்து நின்றது. கல்லில் அந்த நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது, பெயரோடு: கோவிவன்! மகேந்திரவர்மன் காலத்துப் பெரிய மனிதர்கள் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? ஒரு மந்தை நாயின் பெயர் தெரியும்!

தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் ஆடு புகுந்த கதை தெரியுமா? ராஜராஜன் 1010-ஐ ஒட்டி முடித்த கோயில் அது. அணையாமல் எரிகிற ஒரு நொந்தா விளக்குக்கு 96 ஆடு என்று கல்வெட்டு கணக்கு வைக்கிறது. பசுவானால் 48, எருமையானால் 16. ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர், 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட அளவையால் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் சூட்டிய பெயரைப் பாருங்கள்: சாவா மூவாப் பேராடு! சாகாதாம், கிழடாகாதாம்! ஏனென்றால் செத்ததற்கும் மூத்ததற்கும் ஈடாகக் குட்டியைச் சேர்த்து 96-ஐ 96-ஆகவே வைத்திருக்க வேண்டியது இடையர் பொறுப்பு. முதல் குறையாமல் வட்டி மட்டும் எடுக்கிற வைப்புநிதி, ஆயிரம் வருஷத்துக்கு முன்பு, நாலு காலில்! ஆட்டைக் கொடுத்தவர்கள் புண்ணியம் கட்டிக்கொண்டார்கள். நோய் வந்த வருஷத்தில் அந்த இடையர் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ, அதை மட்டும் எந்தச் சுவரும் சொல்லவில்லை.

நற்றிணையின் 142-ஆம் பாட்டில் இடைக்காடனார் ஓர் இடையரை மழைத் தூறலில் நிறுத்தியிருக்கிறார். உறி, தீக்கடைகோல், தோல்பை, முதுகில் ஓலைப்பாய். கோலில் சாய்ந்து நின்று நாக்கை மடித்துச் சீழ்க்கை அடித்தே மந்தையை அமர்த்துகிறார். இன்று தீக்கடைகோலுக்குப் பதில் லைட்டர், ஓலைப்பாய்க்குப் பதில் உரச்சாக்கை மடித்த கொங்காணி. சீழ்க்கை அதேதான்!

மாறியவையும் உண்டு. அறுவடை இயந்திரம் வந்தபின், அது உதறிவிட்டுப் போன வைக்கோலை இன்னொரு இயந்திரம் வந்து கட்டாக உருட்டி லாரியேற்றி அனுப்பிவிடுகிறது. மேய வருகிற ஆட்டுக்கு மிஞ்சுவது கட்டைத் தாள். 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலில் ஆடு மாடுகள் கொத்துக் கொத்தாக மாண்டன. அதன் பிறகு இந்த அழகான பயணத்தின் அசிங்கமான ஒரு பக்கமும் வெளியே வந்தது: கடனுக்கு ஈடாகச் சிறுவர்களை ஆடு மேய்க்க அனுப்பிய வழக்குகள். அதிகாரிகள் மீட்டார்கள். கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. கிடையைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கீதாரி தம்பதியின் சொந்தப் பிள்ளைகளும் பெரும்பாலும் ஊரில், பாட்டியிடம். பள்ளிக்கூடம் நகராதே!

ரேஷன் மட்டும் நகர்கிறது. 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் அட்டையைக் காட்டி வாங்கலாம். முதுகுளத்தூர் அட்டைக்கு மன்னார்குடியில் அரிசி! அதே அரிசிதான், தூக்குவாளியில் பாதி மணிக்குப் போகிறது.

ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் ஒவ்வோர் அக்டோபரிலும் நடுரோட்டில் ஆட்டு மந்தை போகிறதே, தெரியுமா? 1418-ல் போட்ட ஒப்பந்தப்படி ஆயிரம் ஆட்டுக்கு 50 மரவெதி என்று பழைய நாணயத்தை மேயரிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு, மாளிகைகளுக்கு நடுவே மணி குலுங்க நடக்கிறார்கள். 1994-லிருந்து திருவிழா, கூட்டம் அலைமோதும். இப்படிப் பருவம் பார்த்து மந்தை நகர்த்துவதை யுனெஸ்கோ 2019-ல் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது, ஐரோப்பிய நாடுகளின் பெயரில். 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. பட்டுக்கோட்டைச் சாலையில் அறுநூறு ஆடு குறுக்கே போனால் நமக்குக் கிடைப்பது என்ன? இரண்டு பக்கமும் ஹாரன். நாய் மட்டும் நடுரோட்டில் நின்று கடைசி ஆடு கடக்கும்வரை லாரியை முறைக்கும். நான் பார்த்த லாரி நின்றது!

சு. தமிழ்ச்செல்வி தம் நாவலுக்கு 'கீதாரி' என்றே பெயர் வைத்தார். டெல்டாவில் பிறந்து, இந்தக் குடில்களைக் கிட்டத்தில் பார்த்தவர் எழுதியது. கி. ராஜநாராயணனின் குறுநாவலுக்குப் பெயர் 'கிடை', அது கரிசல் காட்டு மந்தை. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரி நெடுகப் பயணம் போய் எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி'யையும் இந்த இரண்டோடு சேர்த்து வைத்துப் படித்துப் பாருங்கள். அதில் ஆறு நடக்கும், இவற்றில் வீடு நடக்கும்!

ஆனி பிறந்தால் வரப்பில் பேச்சு மாறிவிடும். "தண்ணி கல்லணை வந்துட்டாம்" என்று டீக்கடையில் யாராவது சொல்லுவார்கள். அன்றைக்குச் சாயங்காலமே தார்ப்பாய் மடியும், கொடாப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வண்டியேறும், அடுப்புக் கல் மூன்றும் வரப்போரத்திலேயே கிடக்கும். அடுத்த மாசிக்கு ஆகுமே! மறுநாள் விடிகாலையில் வாய்க்காலில் நுரையும் சருகுமாகப் புதுத் தண்ணீர் வந்து தலை நீட்டும்போது, கிடை படுத்த வயல் காலியாக இருக்கும். எங்காவது ஒரு மேட்டில் மணி நின்று திரும்பிப் பார்த்து இரண்டு குரல் குரைக்கும். தண்ணீரைப் பார்த்தா, பின்தங்கிய ஆட்டைப் பார்த்தா? அது கீதாரி பெண்டாட்டிக்குத் தெரியும். "ஒண்ணு கொறையுது, எண்ணிப் பாருங்க" என்பார்.